நம் நூலகம்: மாயக் காதல் கதைகளும் மாவு பிசையும் நூல்களும்



பங்கு நூலகத்திற்கு வாங்க வேண்டிய நூல்கள் எவை என்று வினவினால், இந்நாளில் இரு வகை நூல்கள் முந்தி நிற்கின்றன. மந்திரமும் மாயமும் நிறைந்த கற்பனை நாட்டில் ஓர் இளைஞனும் நங்கையும் காதலிக்கும் ஆங்கிலப் புதினங்கள் ஒரு வகை. இவற்றைக் கேட்போர் பெரும்பாலும் கல்லூரி மாணவியர். ரொட்டியும் கேக்கும் வீட்டிலேயே செய்யக் கற்பிக்கும் நூல்கள் மற்றொரு வகை. இவற்றைக் கேட்போர் அவர்தம் அன்னையர். முன்னது தீது, பின்னது வீண் என்று பெரியோர் சிலர் இரண்டையும் ஒருங்கே தள்ளிவிடுகின்றனர். அங்ஙனம் தள்ளுமுன் புனிதர் இருவரின் வரலாற்றை எண்ணிப் பார்ப்போம்.

1521ஆம் ஆண்டு மே மாதத்தில் பம்ப்லோனாக் கோட்டைப் போரில் கால் முறிந்து, லொயோலா மாளிகையில் படுத்திருந்த இஞ்ஞாசியார், பொழுது போக்குவதற்குக் கேட்டவை செபநூல்கள் அல்ல. வீரமும் காதலும் மாயமும் கலந்த அக்காலக் கதைகளே. அவை அம்மாளிகையில் அகப்படவில்லை. ஆதலின் கிறிஸ்துநாதரின் வாழ்க்கை நூலும் புனிதர் வரலாறும் அவர் கைக்கு வந்தன. இவ்வளவோடு நிறுத்தி, நல்ல நூலை மட்டும் அலமாரியில் வைத்தால் போதும் என்று முடிப்போர் பலர். ஆனால் அதன்பின் நடந்ததே நமக்குப் பெரிதும் பயன்படுவது. ஒருபுறம் உயர்குலப் பெண்ணொருத்திக்காகச் செய்யப்போகும் வீரச் செயல்களைப் பற்றி அவர் மணிக்கணக்கில் கனவு கண்டார். மறுபுறம் புனிதரைப் பின்பற்றுவது பற்றியும் எண்ணினார். எண்ணும் வேளையில் இரண்டும் இனித்தன. எண்ணி முடித்த பின்னரோ, முன்னது நெஞ்சை வறட்சியாக விட்டுச் சென்றது; பின்னது மகிழ்ச்சியை நிலைக்கச் செய்தது. ஆவிகளைத் தேர்ந்து தெளியும் முறைக்கு வித்தாக அமைந்தது இந்த அனுபவமே.

அவிலா நகரப் புனித தெரேசம்மாளும் இளமையில் இத்தகைய கதைகளில் மூழ்கியவரே. அவற்றில் அவருடைய அன்னைக்கும் விருப்பம் உண்டு. தந்தைக்கோ அவை பிடிக்கா; ஆதலின் தந்தை அறியாமல் இரவும் பகலும் படித்ததாகவும், அதனால் தம் நல்லார்வம் தணிந்ததாகவும் தெரேசம்மாள் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். அதே நூல்கள் தம் அன்னைக்கு அத்துணைத் தீங்கு செய்யவில்லை என்றும், அன்னை தம் கடமைகளை விட்டுவிடாமல் படித்தார் என்றும் அவரே கூறுகிறார். ஒரே நூல் ஒரே வீட்டில் இருவரை இருவகையாகத் தொட்டது!

விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலைத் திருச்சபை 1559ஆம் ஆண்டு முதன்முதல் உரோமையில் வெளியிட்டது. 1966ஆம் ஆண்டு அதன் சட்ட வலுவை நீக்கியது. நன்மை தீமையைத் தேரும் பொறுப்பு இதனால் மறைந்துவிடவில்லை. வாசகரின் மனச்சான்றுக்கும் குடும்பத்திற்கும் அது வந்து சேர்ந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இலக்கிய வாசிப்பைப் பற்றி 2024ஆம் ஆண்டு ஜூலையில் எழுதிய மடலில், தாம் 1964, 65ஆம் ஆண்டுகளில் சாந்தா பே நகரின் இயேசு சபைப் பள்ளியில் இலக்கியம் கற்பித்ததை நினைவுகூர்கிறார். பாடத்திட்டத்தில் இருந்த பழங்காப்பியம் மாணவருக்குக் கசந்தது. அதனை வீட்டில் படிக்கச் சொல்லிவிட்டு, மாணவர் விரும்பிய ஆசிரியர்களைப் பற்றி வகுப்பில் உரையாடினாராம். தடுப்பதினும் கூட அமர்ந்து பேசுவது மேல் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

ஆகவே நூலை மூடிய பின் நெஞ்சில் எஞ்சுவது யாது என்னும் கேள்வியையே அளவுகோலாகக் கொண்டு சில நூல்களைக் கூறுவோம். யாவும் ஆங்கில நூல்கள்.

பன்னிரண்டு வயது முதல் படிக்கத்தக்கது டயானா வின் ஜோன்ஸ் எழுதிய 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' (1986). தொப்பிக் கடையில் வேலை செய்யும் சோபி என்னும் பெண் சூனியக்காரியின் சாபத்தால் கிழவியாகிறாள். அழகு போனபின் அவளிடம் துணிவு பிறக்கிறது. காதல் இங்கே அடக்கமாக, நகைச்சுவையோடு வருகிறது.

பதினாறு வயதைக் கடந்தோர்க்கு நவோமி நோவிக் எழுதிய 'ஸ்பின்னிங் சில்வர்' (2018). வட்டிக்குக் கடன் கொடுக்கும் யூதர் ஒருவரின் மகள், வெள்ளியைப் பொன்னாக்குவேன் என்று சொன்ன சொல்லால் பனி நாட்டு மன்னனிடம் சிக்குகிறாள். வாக்குத் தவறாமையிலிருந்து மதிப்பும், மதிப்பிலிருந்து அன்பும் மெல்ல வளர்வதைக் காட்டும் கதை இது. குடிகாரத் தந்தையின் கொடுமையும் இதில் வருவதால் பெற்றோர் முன்கூட்டியே படித்தல் நன்று.

கத்தோலிக்கரான டோல்கீன் எழுதி, அவர் மகன் தொகுத்து 2017ஆம் ஆண்டு வெளியிட்ட 'பெரென் அண்ட் லூத்தியன்', சாவில்லாக் குலத்து நங்கை மனிதன் ஒருவனுக்காகச் சாவை ஏற்கும் கதை. பல வடிவங்களைச் சேர்த்த தொகுப்பாதலின் பொறுமையோடு படிக்க வேண்டும். இதன் பின்னே உண்மைக் காதலொன்று உண்டு. பெற்றோரை இழந்த டோல்கீனுக்குக் காப்பாளராக இருந்த குரு, இருபத்தொரு வயது வரை ஈடித் என்னும் பெண்ணோடு தொடர்பு கூடாதென்றார். அவர் கீழ்ப்படிந்தார், 1913ஆம் ஆண்டு அவ்வயது நிறைந்ததும் ஈடித்துக்குக் கடிதம் எழுதினார். 1916ஆம் ஆண்டு திருமணம் நடந்தது. ஆக்ஸ்போர்டில் அவர்கள் கல்லறையில் லூத்தியன், பெரென் என்னும் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன.

இளையோர் மிகுதியாகக் கேட்கும் சாரா மாஸின் 'எ கோர்ட் ஆப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' (2015), ரெபெக்கா யாரோஸின் 'போர்த் விங்' (2023) ஆகியவற்றைப் பற்றியும் கூறியாக வேண்டும. பின்னதில் உடல் வலுவற்ற பெண்ணொருத்தி அஞ்சாமல் போராடுவது பாராட்டத்தக்கது. எனினும் இரண்டிலும் படுக்கையறைக் காட்சிகள் ஒளிவுமறைவின்றி வருணிக்கப்படுகின்றன. இளையோர் அலமாரியில் இவற்றை வைக்க நாம் பரிந்துரையோம். ஆனால் உங்கள் மகள் ஏற்கெனவே படித்துவிட்டாள் என்றால் சினந்து நூலைப் பிடுங்காதீர்கள். படித்தபின் மனம் எவ்வாறு இருந்தது என்று கேளுங்கள். மறைத்துப் படிக்கும் பழக்கம் நூலைக் காட்டிலும் பெரிய சுவரை வீட்டில் எழுப்பிவிடும்.

இனி அடுக்களை நூல்கள். முதலிடம் இயேசு சபைச் சகோதரராயிருந்து பின்னர் குருவான ரிக் கர்ரி எழுதிய 'தி சீக்ரெட்ஸ் ஆப் ஜெசுவிட் பிரெட்மேக்கிங்' (1995) என்னும் நூலுக்கு. வலது முன்கை இன்றிப் பிறந்தவர் அவர். மாவு பிசைய இரு கை வேண்டும் என்று நினைப்போர்க்கு அவர் வாழ்வே விடை. கென் போர்கிஷ் எழுதிய 'ப்ளவர் வாட்டர் சால்ட் ஈஸ்ட்' (2012) மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் என்னும் நான்கைக் கொண்டு நல்ல ரொட்டி செய்யக் கற்பிப்பது. கேக்கும் இனிப்பும் செய்ய விழைவோர் கிளேர் சாபிட்ஸின் 'டெசர்ட் பெர்சன்' (2020) நூலைப் பார்க்கலாம். எது எளிது, எதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அட்டவணையாகவே தந்துள்ளார்.

இவற்றைக் கையாளும் நம் இல்லத்தரசியர் சிலவற்றை மனத்திற்கொள்ளல் நலம். அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240 மில்லி லிட்டர். வெண்ணெய் ஒரு ஸ்டிக் என்றால் 113 கிராம். 350 பாரன்ஹீட் என்பது ஏறத்தாழ 180 செல்சியஸ். அந்நாட்டார் பொது மாவு என எழுதுமிடத்து நம் மைதாவைக் கொள்ளலாம். நூலில் குறித்த நேரம் குளிர்நாட்டு அடுக்களைக்கு உரியது. நம் வெப்பத்தில் மாவு விரைந்து பொங்கும். ஆதலின் கடிகாரத்தைப் பாராமல் மாவைப் பாருங்கள்.

இவ்வகை நூலும் வீண் அன்று. புளித்த மாவை விண்ணரசுக்கு உவமையாக்கினார் நம் ஆண்டவர். ரொட்டி செய்பவர் தமக்கென மட்டும் செய்வதில்லை. வண்ணப் படங்களைப் பார்த்து மகிழ்ந்து நூலை மூடிவிட்டால் எஞ்சுவது ஏக்கமே. செய்து பார்த்து, ஒரு துண்டைப் பக்கத்து வீட்டு நோயாளிக்குக் கொடுத்தனுப்பினால் எஞ்சுவது அன்பு.

பங்கு நூலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். நூலைத் திருப்பித் தருவோர் மூன்று வரி எழுதுவதற்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். கதையைச் சுருக்கி எழுத வேண்டா. மூடியபின் நெஞ்சில் நின்றதை எழுதினால் போதும். அன்னையும் மகளும் ஒரே நூலைப் படித்துத் தனித்தனியே எழுதட்டும். பின்னர் அவ்விருவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கட்டும். பல நாள் பேசாதிருந்த பேச்சு அங்கே தொடங்கக்கூடும்.

அடுத்த இதழில் சிறுவர் நூல்களைப் பற்றி எழுதுவோம். இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.