பழைய போட்டோவில் பசை தடவாதீர்கள்



மரப்பலகையில் போட்டோ பதிப்பதை இப்போது பலரும் வீட்டிலேயே செய்கிறீர்கள். நல்ல கைவேலை, குறை சொல்லமாட்டேன். ஆனால் பெட்டியில் இருக்கும் பழைய போட்டோவையே எடுத்து ஒட்டிவிடாதீர்கள். போன மாதம் நான் அதைத்தான் செய்தேன். அப்பாவும் அம்மாவும் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். குப்புற ஒட்டி, மறுநாள் ஈரத்துணியால் தேய்த்தேன். உரியவில்லை. கத்தியால் நெம்பினேன், அம்மாவின் முகம் கிழிந்துபோனது. கைவேலை வகுப்பே எடுத்தவள் நான்!

பலகையில் பதிவது லேசர் பிரிண்டின் டோனர்தான். அது பிளாஸ்டிக் கலந்த தூள். பசையோடு நின்றுகொள்ளும், தாள் ஊறி, தேய்க்கத் தேய்க்கத் திரண்டு வந்துவிடும். ஸ்டுடியோ போட்டோவில் படம் ஜெலட்டின் பூச்சுக்குள் இருக்கிறது, அப்படிப் பிரியாது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டும் பெரும்பாலும் ஈரத்தில் கலங்கிவிடும்.

ஆகவே முதலில் ஸ்கேன் செய்யுங்கள். இடவலம் மாற்றி, சாதாரணத் தாளில் லேசர் பிரிண்ட் எடுங்கள். அசல் பெட்டிக்கே திரும்பட்டும். பிரிண்ட் வீணானால் இன்னொன்று எடுக்கலாம்.

உறவுகளே, அந்தப் படத்தின் இன்னொரு பிரதி உங்கள் யார் வீட்டு ஆல்பத்திலாவது இருக்கிறதா? இருந்தால் போனில் எடுத்து அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.