கடைசித் தவணை கட்டியாச்சு... அப்புறம்?

வீட்டுக் கடன் வாங்குவது எப்படி என்று சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள். புதுச்சேரி நேரு வீதியில் நடந்தால் கையில் நோட்டீஸ் வரும், மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் போன் வரும். கடனை அடைத்து முடித்த அன்று என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் யாரும் இல்லை. அதில் எவருக்கும் கமிஷன் கிடையாதே :-)

லாஸ்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். 20 லட்ச ரூபாய் கடன், 9 சதவீத வட்டி, 20 வருஷம். மாதத் தவணை ஏறக்குறைய 18 ஆயிரம். முதல் மாதம் கட்டுகிற 18 ஆயிரத்தில் 15 ஆயிரம் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது மூவாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. கடைசி மாதம் தலைகீழ். வட்டி 130 ரூபாய் சொச்சம், மீதியெல்லாம் அசல். மொத்தம் கூட்டிப் பார்த்தால் 43 லட்சத்தைத் தாண்டும். அதுவும் வட்டி விகிதம் அசையாமல் நின்றால்தான். 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் நடுவில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது. அப்போது பல வீடுகளில் தவணைத் தொகை மாறவில்லை, தவணைகளின் எண்ணிக்கைதான் சத்தமில்லாமல் நீண்டது. 58 வயதில் முடிய வேண்டிய கடன் 62க்குப் போனால், ஓய்வூதியத்தில் இருந்து தவணை கட்ட வேண்டியதுதான்.

இவ்வளவையும் தாண்டி ஒரு நாள் கடைசித் தவணை போய்ச் சேர்கிறது. வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். வங்கியிலிருந்து 'நிலுவை பூஜ்யம்' என்று ஒரு குறுஞ்செய்தி வருகிறது. (சில சமயம் பூஜ்யம் வராது. இடையில் விட்டுப்போன நாள் கணக்கு வட்டி, ஏதோ ஒரு கட்டணம் என்று சில நூறு ரூபாய் தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டு வாங்கி அடைக்காவிட்டால் கணக்கு மூடப்படாது.) அத்தோடு கடன் தீர்ந்தது என்று குடும்பம் நினைக்கிறது. பணக் கடன் தீர்ந்தது உண்மைதான். வீட்டின் மேல் இருக்கும் பிடி மட்டும் அப்படியே இருக்கிறது.

பிடி எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். வங்கிகள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது மூலப்பத்திர ஒப்படைப்பு அடமானம். வீட்டின் அசல் பத்திரங்களைக் கடனுக்கு ஈடாக என்று சொல்லிக் கையில் கொடுத்தால் போதும், அடமானம் ஆகிவிடும். 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 58வது பிரிவில் இருக்கிறது இது. ஆதியில் கல்கத்தா, சென்னை, பம்பாய் போன்ற வணிகத் துறைமுகங்களுக்காக வந்த ஏற்பாடு, பிறகு அரசுகள் அறிவிக்கும் மற்ற ஊர்களுக்கும் பரவியது. இப்போது இந்த ஒப்படைப்புக்கு ஒரு குறிப்பு எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவதும் உண்டு. பதிந்தால் வில்லங்கச் சான்றிதழில் ஒரு வரியாக ஏறும். இது தவிர 2011 முதல் செர்சாய் என்ற மத்தியப் பதிவேடு ஒன்று இருக்கிறது. எந்தச் சொத்து எந்த வங்கியில் ஈடாக இருக்கிறது என்று அதிலும் பதிவு. ஆக அசல் பத்திரம் வங்கி இரும்புப் பெட்டியில், ஒரு வரி சார்பதிவாளரிடம், இன்னொரு வரி மத்தியப் பதிவேட்டில். கடைசித் தவணை இந்த மூன்றில் ஒன்றைக்கூடத் தானாக அழிக்காது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த அடமான முறை இந்த ஊருக்கு வந்தது ரொம்பத் தாமதமாக. இங்கே 1819 முதல் பிரெஞ்சு சிவில் சட்டம். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்த பிறகு, 1968ஆம் ஆண்டு சட்ட நீட்டிப்புச் சட்டத்தால்தான் சொத்துரிமை மாற்றச் சட்டம் இந்த மண்ணுக்கு வந்தது. அதற்கு முன் ஈடு என்றால் நொத்தேர் முன்னால் பத்திரம் எழுதி, ஈட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். 1804ஆம் ஆண்டு பிரெஞ்சு சட்டத் தொகுப்பு அந்தப் பதிவுக்கு ஓர் ஆயுள் வைத்தது. 10 வருஷம். கடன் கொடுத்தவர் அதற்குள் புதுப்பிக்காவிட்டால் பதிவு செல்லாது. கடன் மிச்சம் இருந்தால் அதைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும், ஆனால் வீட்டின் மேல் போட்ட முடிச்சைக் கட்டிவைத்திருக்கும் வேலை கொடுத்தவருடையது. பிரான்சில் இன்றும் அந்தப் புத்தி மாறவில்லை. தவணை ஒழுங்காக முடிந்தால், கடைசித் தவணைத் தேதிக்கு ஒரு வருஷம் கழித்து ஈட்டுப் பதிவு தானே காலாவதி. அதற்கு முன் வீட்டை விற்க வேண்டியவர்தான் நொத்தேரிடம் போய்ச் செலவு செய்து நீக்க வேண்டும்.

இங்கே முடிச்சு தானாக அவிழாது. யாராவது போய் அவிழ்க்க வேண்டும். 20 வருஷம் பணம் கட்டியவர் போக வேண்டுமா, வட்டி வாங்கியவர் போக வேண்டுமா?

ரிசர்வ் வங்கி இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஊர் காதில்தான் இன்னும் விழவில்லை. 2023 செப்டம்பர் 13 அன்று ஓர் உத்தரவு வந்தது. தலைப்பில் 'தனிநபர் கடன்' என்று இருப்பதால் வீட்டுக் கடனுக்கு இல்லை என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். தனிநபர் வாங்கும் வீட்டுக் கடனும் அதில் அடக்கம். வங்கி, கூட்டுறவு வங்கி, வீட்டுக் கடன் நிறுவனம் எல்லோருக்கும் பொருந்தும். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்கள் எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும். எந்தப் பதிவேட்டில் ஈடு ஏற்றப்பட்டிருந்தாலும் அதையும் அதே 30 நாளுக்குள் நீக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கியவருக்கு. பத்திரத்தைத் தராத தாமதத்துக்கு மட்டும் இல்லை, ஈடு தீர்ந்ததாகப் பதிவேட்டில் தாக்கல் செய்யாத தாமதத்துக்கும் இந்த 5,000 உண்டு. 2023 டிசம்பர் 1 முதல் ஆவணம் திருப்பித் தர வேண்டிய எல்லாக் கடனுக்கும் இது நடப்பில் இருக்கிறது.

இரண்டாவது பாதியைத்தான் யாரும் கேட்பதில்லை. பத்திரக் கட்டு கைக்கு வந்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சில கிளைகளில் அதிகாரியே சார்பதிவாளர் அலுவலகம் வந்து ரசீது பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார். சில கிளைகளில் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து "நீங்களே போய்ப் பாத்துக்குங்க சார்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அவரும் பவ்யமாக வாங்கிக்கொண்டு பீரோவில் வைத்துவிடுகிறார். பத்து வருஷம் கழித்துப் பெண் கல்யாணத்துக்கு வீட்டை விற்கப் போனால் வில்லங்கச் சான்றிதழில் அந்த வரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்குள் அந்தக் கிளை வேறு கிளையோடு, ஏன், அந்த வங்கியே வேறு வங்கியோடு சேர்ந்திருக்கும். (விஜயா வங்கியும் தேனா வங்கியும் 2019இல், சிண்டிகேட் வங்கியும் ஆந்திரா வங்கியும் 2020இல் பெயர்ப்பலகையோடு மறைந்தன.) கையெழுத்துப் போட யாரைத் தேடுவது?

வங்கி தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு. செர்சாய் வேலையைக் கணினி முன் உட்கார்ந்தே முடித்துவிடலாம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும், கிளையில் ஆள் பற்றாக்குறை. உண்மைதான். ஆனால் கடன் கொடுத்த அன்று அதே அலுவலகத்துக்கு அந்த அவசரத்தில் ஆள் கிடைத்தாரே? முடிச்சுப் போடக் கிடைத்த ஆள் அவிழ்க்கவும் கிடைக்க வேண்டும். இன்னும் சொன்னால், ஆளே தேவையில்லாமல் செய்ய வேண்டிய வேலை இது. மத்தியப் பதிவேட்டில் 'ஈடு தீர்ந்தது' என்று ஏறினால், சார்பதிவாளர் புத்தகத்திலும் தானாக ஏறுகிற மாதிரி இணைத்துவிட்டால் முடிந்தது. தமிழ்நாடு மாதிரி நூற்றுக்கணக்கான சார்பதிவாளர் அலுவலகங்கள் உள்ள மாநிலத்தில் இது மலைப்பாக இருக்கலாம். விரல் விட்டு எண்ணும் அளவுக்கு அலுவலகங்கள் உள்ள புதுச்சேரி செய்து காட்டலாம்.

அசல் பத்திரம் விஷயத்தில் இந்த ஊருக்குக் கவலை கொஞ்சம் அதிகமாகவே இருக்க வேண்டும். பழைய வீடுகளின் தாய்ப்பத்திரம் பிரெஞ்சில், நொத்தேர் எழுதியது. வங்கிக் கிடங்கில் அதில் ஒரு தாள் தொலைந்தால், நேற்று அச்சடித்த கிரயப் பத்திரத்துக்கு நகல் எடுப்பது போல இருக்காது. பழைய ஆவணத்தைத் தேடி, சான்றிட்ட நகல் வாங்கி, மொழிபெயர்த்து... அலைச்சல்தான். அதனால் வங்கிக்குக் கொடுத்தபோது போட்ட ஆவணப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, தாள் தாளாகச் சரிபார்த்த பிறகே 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். தொலைந்திருந்தால் நகல் வாங்க உதவி செய்து செலவையும் வங்கியே ஏற்க வேண்டும் என்று அதே 2023 உத்தரவு சொல்கிறது. அதற்கு மேலும் 30 நாள் அவகாசம், அதையும் தாண்டினால் மறுபடி நாளுக்கு 5,000. பெங்களூருவில் ஒரு தனியார் வங்கி, வாடிக்கையாளரின் அசல் ஆவணங்களை ஹைதராபாத் கிடங்குக்குக் கூரியரில் அனுப்பித் தொலைத்துவிட்டது. 2023இல் தேசிய நுகர்வோர் ஆணையம் 25 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. நகல் கொடுத்தால் போதாதா என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

கடன் வாங்கியவர் நடுவில் இறந்துபோனால்? புதுச்சேரியில் இது தனிக் கதை. ஒரு பிள்ளை இங்கே, இன்னொரு பிள்ளை பாரீஸில், பிரெஞ்சுக் குடியுரிமையோடு. சில குடும்பங்களுக்கு வாரிசு விஷயத்தில் இன்றும் பிரெஞ்சு சிவில் சட்டமே செல்லும். காப்பீடு மூலமோ பிள்ளைகள் பணத்தாலோ கடன் அடைந்துவிடும், பத்திரம் மட்டும் வங்கியிலேயே தங்கிவிடும், யார் வந்து வாங்குவது என்று தெரியாமல். வாரிசுகளிடம் ஆவணம் தரும் முறையை ஒவ்வொரு வங்கியும் எழுதி இணையதளத்தில் வைக்க வேண்டும் என்றும் உத்தரவு சொல்கிறது. அதைக் கடன் உயிரோடு இருக்கும்போதே படித்து வைப்பது நல்லது. பூட்டிக் கிடக்கும் வீடும், உரிமையாளர் கையில் இல்லாத பத்திரமும் போலி ஆவணக்காரர்களுக்கு எவ்வளவு இனிப்பு என்று இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த இடத்தில் டீக்கடை ஆலோசனை ஒன்று கட்டாயம் வரும். "ஆயிரம் ரூபாய் பாக்கி வச்சு லோனை மூடாம விடுங்க, பத்திரம் பேங்க்ல பத்திரமா இருக்கும்." சொல் விளையாட்டு நன்றாக இருக்கிறது, யோசனை மோசம். லாக்கர் வாடகையை மிச்சம் பிடிக்கப் போய், வீட்டை அடமானத்திலேயே வைத்திருப்பது அது. இன்னொன்று, "வரிச் சலுகைக்காகவாவது கடன் இருக்கட்டும்." பழைய வருமான வரி முறையில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வருஷத்துக்கு 2 லட்சம் வரை வட்டிக்குக் கழிவு. 30 சதவீத வரி கட்டுபவருக்கே அதில் மிச்சம் 60 ஆயிரம் சொச்சம். அதை மிச்சம் பிடிக்க வங்கிக்கு 2 லட்சம் கொடுக்க வேண்டும். புதிய வரி முறையில் அந்தக் கழிவும் கிடையாது. கையில் பணம் இருந்து, மிதக்கும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் கேட்கக்கூடாது என்பது 2012 முதல் இருக்கிறது.

மீதி வேலைகள் சில்லறை. வங்கிக் கணக்கிலிருந்து தவணை தானாகப் போகும் உத்தரவை ரத்து செய்வது, முன்தேதியிட்ட காசோலைகள் இருந்தால் திருப்பி வாங்குவது, வங்கி பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுத்த எல்.ஐ.சி. பாலிசியை மறுபடி சொந்தப் பெயருக்கு மாற்றுவது, சிபில் அறிக்கையில் கடன் 'மூடப்பட்டது' என்று வந்ததா என்று பார்ப்பது. பிறகு ஒரு இரண்டு மாதம் கழித்து, கடன் வாங்கிய தேதியிலிருந்து அன்றுவரைக்கும் ஒரு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்க வேண்டும். ஈடு போட்ட வரிக்குக் கீழே ரத்து வரி இருக்கிறதா? இல்லையென்றால் 30 நாள் கணக்கைக் குறிப்பிட்டு வங்கிக்கு எழுத்தில் புகார், பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். புகாரில் நாளொன்றுக்கு 5,000 என்ற வரியை மறக்காமல் எழுத வேண்டும். மறுநாளே போன் வர வாய்ப்பு உண்டு. அப்போது பேசுகிறவர் டாப்-அப் லோன் வேண்டுமா என்று கேட்க மாட்டார்.