தோட்டத்துத் துண்டும் தொழில் அலுவலக உடன்படிக்கையும்

ரப்பர் மலையில் கையோ கண்ணோ பறிகொடுத்தவருக்கு "இலேசான வேலை தருகிறோம்" என்று தோட்டக் காரியாலயத்தில் எழுதிக் கொடுத்த துண்டுகள் எங்கள் தலைவர்மாரின் பைகளில் கிடக்கின்றன. என்ன வேலை, எந்தத் திகதி முதல், நாள் சம்பளம் எவ்வளவு, ஒன்றும் அதில் இல்லை. தொரை மாறினால் துண்டும் செத்தது. புதிய தொரை "எனக்குத் தெரியாது" என்கிறார். தொழிலாளி திரும்பவும் லயத்து வாசலில் உட்காருகிறார்.

பேசித் தீர்ப்பதை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாள் பேரை இழந்து இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் வழக்குக்கு அலைய யாரால் முடியும்? ஆனால் பேசியதை எங்கே எழுதுகிறோம் என்று பார்க்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ், தொழில் அலுவலகத்தில் இணக்கம் கண்டு எழுதும் உடன்படிக்கை தோட்டத்தைக் கட்டுப்படுத்தும். அதன் நிபந்தனைகள் தொழிலாளியின் வேலை ஒப்பந்தத்தோடு சேர்ந்துவிடும். மீறினால் குற்றம், நீதவான் நீதிமன்றம் வரை போகலாம். காரியாலயத் துண்டுக்கு இந்தப் பலம் கிடையாது.

மாற்றுத்திறனாளிகளுக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கிறது. ஆனால் அது வேலைக்குச் சேர்க்கும்போது காட்டும் பாகுபாட்டைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே செக்ரோலில் பேர் உள்ளவரை ஒதுக்கினால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. எங்கள் பிரச்சினையோ பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

நல்ல கட்டளை கிடைத்தாலும் விரட்டிப் பிடிக்காவிட்டால் நடக்காது. சக்கர நாற்காலியில் இருந்த கலாநிதி அஜித் பெரேரா, பொதுக் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் போய்வர வசதி வேண்டும் என்று 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தில் கட்டளை பெற்றார். 2018இல் அவரே திரும்பவும் அதே நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. படித்தவர், பத்திரிகைகள் அறிந்தவர் நிலையே அதுவென்றால், பால் வெட்டுகிறவருக்கு யார் பின்னால் நிற்பது? சங்கம்தான் நிற்க வேண்டும்.

தோட்டக் கமிட்டிகளிடம் நாங்கள் கேட்பது இது. வேலையின் பெயர், தொடங்கும் திகதி, சம்பளம், சேமலாப நிதி எல்லாம் எழுதி, தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு. ஒரு பிரதி தொழிலாளிக்கு, ஒன்று சங்கத்துக்கு. விபத்தானால் 1934ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டத்தின்படி வரும் காசு வேறு, இலேசான வேலை வேறு. இரண்டையும் ஒரே கடதாசியில் கட்டி "முழுத் தீர்வு" என்று எழுத விடாதீர்கள். பிறகு மாதாமாதம் சம்பளத் துண்டைத் தலைவர் பார்க்க வேண்டும்.

பழைய துண்டு வைத்திருப்பவர்கள் எறிந்துவிடாமல் அடுத்த கமிட்டிக்குக் கொண்டுவாருங்கள். அதையே சாட்சியாக வைத்துத் தொழில் அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதுவோம்.