கணவாய்க்கு எத்தனை அறிவு?

பல்லாண்டுகளுக்கு முன் ஒருநாள், தொல்காப்பிய மரபியலில் உள்ள உயிர்ப் பாகுபாட்டை வகுப்பிற் கற்பித்துக்கொண்டிருந்தேன். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, நந்து எனப்படும் நத்தைக்கு ஈரறிவு, மக்களுக்கு ஆறறிவு என நான் விளக்கிச் செல்லுங்கால், கடற்கரைச் சிற்றூரிலிருந்து வரும் மாணவனொருவன் எழுந்து, "ஐயா, கணவாய்க்கு எத்தனை அறிவு?" என வினாவினான். வகுப்பு நகைத்தது. "பாடத்திலுள்ளதைக் கேள், இரு" என்றேன். இருந்தான். அதன்பின் அவன் என்னிடம் யாதொன்றும் கேட்டிலன்.

அவ்வினா என்னை விட்டகலவில்லை. விடை தேடி நூல்களைப் புரட்டியபோதே என் பேதைமை விளங்கிற்று. கணவாய் நத்தைக்கு உறவான உயிரே. ஆயினும், அவ்வினத்தைச் சேர்ந்த பேய்க்கணவாய்க்கு இதயங்கள் மூன்று; நரம்புக் கலங்கள் ஏறத்தாழ 50 கோடி. அவற்றுள் மூன்றிலிரு பங்கு எட்டுக் கைகளிலே பரந்துள்ளன. தொடும் கையே சுவையும் அறிகின்றது. இந்தோனீசியக் கடலில் ஒருவகைப் பேய்க்கணவாய், தேங்காய்ச் சிரட்டைகளைச் சுமந்து சென்று, வேண்டுமிடத்து அவற்றுள் ஒளிந்துகொள்வதை ஆய்வாளர் 2009இல் வெளியிட்டனர். 2016இல் நியூசிலாந்தின் நேப்பியர் நகரக் காட்சிசாலையில் 'இங்கி' எனப் பெயரிய ஒன்று, தொட்டியினின்று நழுவித் தரையைக் கடந்து, வடிகுழாய் வழியே கடலை நோக்கிச் சென்றுவிட்டது.

இதன் ஆயுளோ பெரும்பாலும் ஓரிரு ஆண்டே. முட்டை பொரிக்குங் காலத்திலே தாய் இறந்துபடும். கற்பிப்பார் எவருமிலர், அறியும் வேட்கையே அதற்கு ஆசான்.

நீருள் மனிதன் கையை இட்டால் இவ்வுயிர் அணுகி வரும்; ஆதலின் இது மூடவுயிர் என்று, ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் அரிஸ்டோட்டில் எழுதினார். அணுகுவது இடருடைத்தே, ஆயினும், அணுகாதது எதனையும் அறியாது. அப்பேரறிஞர் ஆர்வத்தை அறியாமையென மயங்கினார். அன்று நானும் அவ்வாறே மயங்கினேன். தொல்காப்பியரோ, ஒவ்வோர் அறிவுக்கும் சிலவற்றைக் கூறி, அவ்வகைப் பிறப்பின பிறவும் உளவென்று வாயிலைத் திறந்தே வைத்தார். அடைத்தவன் யான்.

பாடத்திட்டம் முடியவேண்டுமே என்பர் ஆசிரியர். யானும் அவ்வாறு சொல்லிவந்தவனே. ஆனால், ஆசிரியர் வினவ மாணவர் விடையிறுப்பது பரீட்சை; மாணவர் வினவ ஆசிரியர் உடனிருந்து தேடுவதே கல்வி. பரீட்சையிற் சித்தியெய்திய பின்னரும் வினவுதலை மறவாதவனே கற்றவனாவான்.

விழாக் கொண்டாடும் பழைய மாணவர்களே! உங்கள் பிள்ளைகள் பொருந்தா வினாவொன்றை எழுப்பின், "இரு" என்னாதீர்கள். என் மாணவன் இம்மலரைக் காண்பானாயின், அவனுக்கு யான் அன்றே சொல்லியிருக்கவேண்டிய விடை இது: "தம்பி, யானும் அறியேன், வா, இருவருமாகத் தேடுவோம்."