வீட்டுச் சுவருக்கு என்ன நிறம்?



"புது வீட்டுக்கு என்ன நிறம் அடிக்கலாம்?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. 2009 இற்குப் பின் தறப்பாளுக்குள்ளும் தகரக் கொட்டிலுக்குள்ளும் இருந்த எங்களுக்கு, நிறம் நாங்கள் தெரிவு செய்த ஒன்றாக இருக்கவில்லை.

2012 தொடக்கம் இந்திய வீட்டுத்திட்டத்தில் வன்னியெங்கும் வீடுகள் எழும்பின. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, கட்டங்கட்டமாகக் கொடுத்தார்கள். பல வீடுகளில் கூரை போட்டதோடு காசும் முடிந்துவிட்டது. மிச்ச வேலைக்கு வாரக் கடன் எடுத்த பெண்கள் எத்தனை பேர்! வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசு அறிவிக்கும் அளவுக்கு அது போனது. எனவே முதலில் சொல்கிறேன்: பெயின்ற்றுக்காகக் கடன் எடுக்க வேண்டாம். சுண்ணாம்பு இருக்கிறது.

நீற்றின சுண்ணாம்பை வடித்து, கொஞ்சம் உப்பும் கஞ்சியும் கலந்து, சுவரை நனைத்துவிட்டு மெல்லிதாக இரண்டு மூன்று தரம் பூசுங்கள். பூசும்போது ஒன்றும் தெரியாது. காயக் காயத்தான் வெளுக்கும். துளி நீலம் சேர்த்தால் பளிச்சென்றிருக்கும். காவி கலந்தால் இளம் மஞ்சளோ சிவப்போ வரும். கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். ஏற்கெனவே எனாமலோ எமல்ஷனோ அடித்த சுவரில் சுண்ணாம்பு நிற்காது.

எமல்ஷன் அடிக்க வசதியுள்ளவர்கள், சீமெந்துப் பூச்சு முடிந்து ஒரு மாதமாவது பொறுங்கள். ஈரம் காயாத சுவரில் உப்புப் பூத்து, நிறம் திட்டுத் திட்டாக உரியும். கடையில் அட்டையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சின்ன டின் வாங்கி, சுவரில் இரண்டு சாண் அளவுக்குப் பூசி, காலையிலும் பின்னேரமும் விளக்கு வெளிச்சத்திலும் பாருங்கள். அட்டையில் இளம் பச்சையாக இருந்தது நான்கு சுவரிலும் ஏறினால் கடும் பச்சையாகத் தெரியும்.

550 சதுர அடி வீட்டில் அறைகள் சின்னன். கடும் நிறம் வெளிச்சத்தைக் குடித்துவிடும். பிள்ளைகள் படிக்கும் அறைக்கு வெள்ளையோ வெளிர் மஞ்சளோ நல்லது. ஒரு விளக்கே போதும். மேற்கு வெயில் விழும் அறைக்கு இளநீலம் கண்ணுக்குக் குளிர்மை. வெளிச்சுவருக்கும் வெளிர் நிறமே நல்லது, சூடு குறையும். ஆனால் நிலத்திலிருந்து இரண்டு அடிக்குக் காவி அடியுங்கள். மாரியில் எங்கள் செம்மண் தெறித்தாலும் தெரியாது. விறகடுப்புக் குசினிக்கு விலைகூடிய பெயின்ற் வீண். தைப்பொங்கலுக்குத் தைப்பொங்கல் சுண்ணாம்பு போதும்.

அஸ்பெஸ்ரஸ் சீற்றைச் சுரண்டிப் பெயின்ற் அடிக்க மட்டும் போகாதீர்கள். அந்தத் தூசு நெஞ்சுக்கு நஞ்சு.

கேள்வி கேட்ட சகோதரி இன்னொன்றும் எழுதியிருந்தார். கணவர் இல்லாத வீட்டுக்கு மஞ்சள் எதற்கு என்று அயலில் ஒருவர் கேட்டாராம். கல் சுமந்து, மேசனுக்குத் தேத்தண்ணி ஊற்றி, அத்திவாரம் முதல் நின்று கட்டியது அவர். மகளுக்கு மஞ்சள் விருப்பமாம். சகோதரி, முன்னறைக்கு மஞ்சளே அடியுங்கள். காவிக்கட்டி பெரிய விலையில்லை.