டெல்லி வாடகை: யாரைக் கூப்பிட்டுப் பேசுவது?

டெல்லிக்கென்று 1995இல் நாடாளுமன்றம் ஒரு புதிய வாடகைச் சட்டத்தை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. நடைமுறைக்கு வரும் தேதியை அறிவிக்கும் ஆணை மட்டும் வரவேயில்லை. பழைய டெல்லியிலும் கன்னாட் பிளேஸிலும் தாத்தா காலத்து வாடகையில் கடை நடத்திய வணிகர்கள் தெருவில் இறங்கினார்கள், அரசு பின்வாங்கியது. எனவே 1958ஆம் ஆண்டுச் சட்டமே நீடிக்கிறது. மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினால் அது பொருந்தாது. அந்த வரம்பு 1988இல் வைக்கப்பட்டது. மாணவர்கள் தங்கும் முகர்ஜி நகரில் ஜன்னல் இல்லாத அறைக்கே அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

அந்த வணிகர்களும் வாடகைதாரர்கள்தாம். ஆக, சங்கமும் வாக்கும் உள்ள வாடகைதாரரின் குரல் டெல்லியில் நன்றாகவே எடுபடும். 2011 கணக்கெடுப்பில் டெல்லிக் குடும்பங்களில் சுமார் 28 சதவீதம் வாடகைக்கு இருந்தவை. சம்பந்தப்பட்ட எல்லோரையும் அழைத்துப் பேசுங்கள் என்று யாராவது சொன்னால், இவர்களில் யார் அந்தக் கூட்டத்துக்கு வர முடியும் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு. பல இடங்களில் அதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். வெளியூரிலிருந்து வந்த இவர்களின் வாக்கோ தர்பங்காவிலோ திருநெல்வேலியிலோ இருக்கும். குருகிராம் எல்லையிலுள்ள கபஷேராவில் ஒரே உரிமையாளரின் கட்டடத்தில் வரிசையாக அறைகள். குடியிருப்பவர்கள் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள். மளிகையையும் வீட்டுக்காரர் கடையிலேயே வாங்கக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்று தொழிலாளர் அமைப்புகள் சொல்லிவருகின்றன. வாடகையை ஏற்றாமல் அரிசி விலையில் ஏற்றிவிடலாம். அப்படிக் குடியிருப்பவர், அதே வீட்டுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் எழுந்து பேசுவாரா?

கருத்துக் கேட்பது டெல்லிக்குப் புதிதல்ல. ஷீலா தீட்சித் அரசு 2000இல் தொடங்கிய ‘பாகீதாரி’ திட்டம் மக்களையும் அதிகாரிகளையும் எதிரெதிரே உட்காரவைத்தது, ஐ.நா. விருதும் வாங்கியது. ஆனால், அதில் பேசியவர்கள் பெரும்பாலும் குடியிருப்போர் நலச் சங்கத்தார், அதாவது வீட்டுச் சொந்தக்காரர்கள்.

வாடகைதாரருக்கு ஒரு காகிதம்கூட இல்லை என்பதுதான் அடிப்படைச் சிக்கல். ஏழைகளால் முடியாவிட்டால் அரசே வாடகை தரும் என்று ஊரடங்கின்போது, 2020 மார்ச் 29 அன்று, அப்போதைய முதல்வர் கெஜ்ரிவால் சொன்னார். தினக்கூலிகள் சிலர் நீதிமன்றம் போனார்கள். அந்த வாக்குறுதி அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 ஜூலையில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. மனம் இருந்தாலும் யாருக்கு எவ்வளவு என்று எதைப் பார்த்துக் கொடுப்பது? 2019இல் மின்மானியம் பெற வாடகைதாரருக்குத் தனி மின்மீட்டர் என்று அறிவித்தபோதும், வாடகை ஒப்பந்தமும் ரசீதும் இருந்தால் போதும் என்றார்கள். இல்லாததே அந்த இரண்டும்தான்.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு விடை மாநகராட்சியின் சொத்துவரிக் கணக்கில் இருக்கிறது. வீட்டுக்காரரே குடியிருந்தால் 1 என்றும், வாடகைக்கு விட்டால் 2 என்றும் பெருக்குகிறார்கள். குடிவைத்ததை ஒப்புக்கொண்டால் வரி இரட்டிப்பு. மொட்டைமாடி அறை வாடகையையும் ஓய்வூதியத்தையும் வைத்து மருந்து வாங்கும் மயூர் விஹார் அம்மாள் அதை மறைத்தால், குறைசொல்ல எனக்கு மனமில்லை. முதலில் அந்த 2ஐ 1 ஆக்குங்கள். வருமானத்தில் சற்றுக் குறையும்; பதிவேடு கிடைக்கும்.

பதிவேட்டிலிருந்து வட்டாரவாரியாக நிலவும் வாடகையை வெளியிடலாம். ஜெர்மனியில் அப்படியொரு பட்டியலை நகராட்சி தயாரிக்கும், அல்லது இரு தரப்புச் சங்கங்களும் சேர்ந்து தயாரிக்கும். உயர்வு கேட்பவரும் மறுப்பவரும் அதையே காட்டுவார்கள். அதன் பிறகு எல்லாத் தரப்பும் உட்காரும் ஒரு வாடகை வாரியம் வேண்டும். நியூயார்க்கில் வாடகைதாரர் தரப்பில் 2, உரிமையாளர் தரப்பில் 2, பொதுவில் 5 என ஒன்பது பேரை மேயர் நியமிக்கிறார். ஒழுங்குமுறைக்கு உட்பட்ட வீடுகளின் ஆண்டு உயர்வை அவர்கள் பகிரங்கமாக வாக்களித்து முடிவு செய்கிறார்கள். சங்கம் இல்லாதவருக்கும் அங்கே நாற்காலி நிச்சயம்.

டெல்லியில் உரிமையாளர் நாற்காலியைப் பிரித்தே போட வேண்டும். மயூர் விஹார் அம்மாளும் கபஷேராவின் கட்டட முதலாளியும் ஒரே தரப்பல்ல. பயிற்சி நிலையங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஒன்று போட வேண்டும். 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜேந்தர் நகரில் பயிற்சி நிலைய அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் தெருவில் அமர்ந்தவர்கள் வாடகைக் கட்டுப்பாட்டையும் கேட்டார்கள். நாலு தெருவுக்குள் ஆயிரக்கணக்கில் மாணவர்களை இழுத்துக் கட்டணம் வாங்குகிறவர்களுக்கு, அவர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்ற பொறுப்பும் வேண்டாமா?

இந்த வாரியத்தை யார் கூட்டுவது என்பதில்தான் இத்தனை காலம் தப்பித்தார்கள். வாடகைச் சட்டம் நாடாளுமன்றத்துடையது, நிலம் டெல்லி வளர்ச்சி ஆணையத்திடம், வரி மாநகராட்சியிடம், மின்மானியம் டெல்லி அரசிடம். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டலாம். ஆனால் 2025இல் டெல்லி அரசும் மாநகராட்சியும் மத்தியில் ஆளும் பாஜகவின் கைக்கே வந்துவிட்டன; இனி அப்படிக் கைகாட்ட முடியாது.