பட்டிக்குத் திரும்பும் பிள்ளைகளும் பண்பு பேசும் பெரியோரும்

வளர்ந்த பிள்ளைகள் ஊர் திரும்பித் தாய் தந்தையர்க்கு உதவுவதையும் மாடு கன்றுகளைப் பராமரிப்பதையும் வியந்து பாராட்டுவது அண்மைக்கால வழக்கமாகிவிட்டது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின் பின்னர் இப்பாராட்டு மேலும் உரத்து ஒலிக்கிறது. மேடைப் பேச்சாளர் இதனைத் தமிழர் பண்பு என்பர். பத்திரிகையாளர் மண்ணின் அழைப்பு என்பர். திரும்பியவர் ஏன் திரும்பினார், திரும்பிய இடத்தில் அவருக்கு என்ன இருக்கிறது என்ற இரு வினாக்களும் கைதட்டலில் அமிழ்ந்துவிடுகின்றன.

முதல் வினாவுக்கு விடை மண்ணில் இல்லை, பொருளாதாரத்தில் இருக்கிறது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே உத்தரவில் நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. எரிபொருள் அற்றது, கட்டட வேலைகள் நின்றன, தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்தன. அவ்வாண்டு ஜூனில் அரசாங்க ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளித்துப் பயிரிடுமாறு கூறியவர்களே, சம்பளமற்ற விடுமுறையில் ஐந்தாண்டுவரை வெளிநாடு சென்று உழைக்கவும் அனுமதித்தனர். ஒரு வாசலால் தோட்டத்துக்கும் மறு வாசலால் கடல் கடந்தும் ஊழியரை அனுப்பிய ஆட்சி அது. வேலையிழந்து வந்தவனைப் பண்பாளன் எனப் புகழ்வது, அவன் வேலையைப் பறித்தவர்களை மன்னிக்கும் தந்திரமன்றி வேறென்ன?

இரண்டாவது வினாவுக்கு மட்டக்களப்பு விடை சொல்லும். பெரும்போகத்தில் வயல்களில் நெல் நிற்கும். பட்டிகளை அங்கே வைத்திருக்க இயலாது. ஆதலின் தலைமுறை தலைமுறையாக மாடுகளை மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளுக்குச் சாய்த்துச் செல்வர். அத்தரைகளிலே அயல் மாவட்டத்தார் புகுந்து பயிரிட்டனர், மாடுகள் சுடப்பட்டன. 2023 செப்டெம்பரில் பண்ணையாளர் தொடங்கிய போராட்டம் ஓராண்டைக் கடந்தும் நீடித்தது. மேய்ச்சற்றரையைக் காக்காத அரசு, பட்டிக்குத் திரும்புமாறு இளைஞருக்கு உபதேசிப்பது எவ்வகை நியாயம்? மகன் திரும்பி வந்தான் என்பதற்காகப் புல் முளைத்துவிடுமா?

பாலின் கதையும் இதுவே. 1977ஆம் ஆண்டின் பின் சந்தை திறந்துவிடப்பட்டது. பாற்பொடிப் பெட்டி சிற்றூர்க் கடைவரை வந்து சேர்ந்தது. 2021இல் பாற்பொடி கிடையாமல் மக்கள் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஒக்டோபரில் அதன் விலைக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டது. நாட்டின் பாற்றேவையில் பெரும்பங்கு இன்றும் இறக்குமதியால் நிறைவேறுகிறது. ஆயினும் பட்டிக்காரன் கறக்கும் பாலின் விலையை நிர்ணயிப்பவன் பட்டிக்காரன் அல்லன்.

இப்புகழுரைகளில் இன்னொரு பொய்யும் ஒளிந்துள்ளது. குடும்பத்துக்குள் செய்யும் வேலைக்குக் கூலி இல்லை; கணக்கும் இல்லை. விடியுமுன் சாணம் அள்ளிப் பால் கறந்து, பகலில் நோயுற்ற தந்தையைப் பராமரித்து, இரவில் சமைப்பவள் பெரும்பாலும் மகளே. திரும்பி வந்த மகனைத் தியாகி என்பர். மகள் திரும்பினால் அது அவள் கடமை என்பர். முதியோரைப் பேணுவதும் நோயாளரைக் கவனிப்பதும் சமுதாயத்தின் பொறுப்பு. அதனை ஒரு பெண்ணின் தோளிற் சுமத்திவிட்டு, சுமத்தியதற்குப் பாசம் என்று பெயரிடுகிறோம்.

இவ்வாறு கூறுவதால் மாடு மேய்த்தல் இழிதொழில் என்பது என் கருத்தன்று. இழிவுபடுத்துவோர் வேறெங்கும் இல்லை. நம் வகுப்பறைகளிலேயே உள்ளனர். கணக்குப் பிழைத்த மாணவனை நோக்கி “நீ மாடு மேய்க்கத்தான் சரி” என்று சொல்லும் ஆசிரியர் எத்தனை பேர்! அதே ஆசிரியர் அதே மாணவன் பத்தாண்டின் பின் பட்டிக்குத் திரும்பியதும் பண்பைப் பற்றிப் பேசுகிறார். மாட்டின் நோயறிந்து, மழையறிந்து, காட்டு வழியறிந்து நடப்பவனின் அறிவை எந்தப் பாடநூல் மதித்தது?

திரும்புவது ஒருவனின் தெரிவாக இருக்கவேண்டும். விரட்டப்பட்டு ஒதுங்குவதாக இருத்தலாகாது. மேய்ச்சற்றரை சட்டத்தால் உறுதிசெய்யப்பட வேண்டும். பாலுக்கு நியாய விலை வேண்டும். பட்டிக்காரர் தாமே நடத்தும் கூட்டுறவு வேண்டும். கூப்பிட்டால் வரும் மிருக வைத்தியர் வேண்டும். மகளின் உழைப்புக்கு அவள் பெயரிலேயே பங்கு வேண்டும். இவற்றைக் கேட்க ஆசிரியரும் மாணவரும் பண்ணையாளரோடு ஒன்றுசேர்தல் வேண்டும். பாராட்டுரை எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.